மருந்து அடித்தது எப்போது? எங்கள் மெஸ்ஸுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு மெஸ் நடத்துகிறோம். தினம் 140 பேர், முக்கால்வாசி கல்லூரிப் பிள்ளைகள். போன வருஷம் மாதப் பணம் கட்ட வந்த ஒரு பெண்ணின் அப்பா, கூடையில் கிடந்த வெண்டைக்காயில் ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, "பிஞ்சாத்தான் இருக்கு. மருந்து எப்ப அடிச்சதுங்க?" என்றார். வாழப்பாடிப் பக்கத்து விவசாயி அவர், அதனால்தான் 'அடிச்சதா' என்று கேட்காமல் நேராக 'எப்ப' என்று கேட்டிருக்கிறார். என்னிடம் பதில் இல்லை. கழுவித்தான் சமைக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், ஆனால் அந்த 'எப்ப' மண்டைக்குள்ளேயே கிடந்தது.

அதற்கப்புறம் ஒரு ஆறு மாதம், காய், பால், முட்டை எல்லாவற்றுக்கும் என்ன வழி என்று பார்த்தோம். கழுவிச் சமைத்துவிட்டு விட்டுவிடுவது, லேபில் கொடுத்துப் பார்ப்பது, ஆர்கானிக் சான்று இருப்பதை மட்டும் வாங்குவது, விளைவிப்பவரிடம் நேராகப் போய், எந்த மருந்து எப்போது அடித்தார் என்று எழுதி வைக்கிற மருந்து நோட்டு போடச் சொல்வது என்று நாலு வழி கண்ணில் பட்டது. மெஸ், விடுதி, கல்யாண மண்டபச் சமையல், அபார்ட்மெண்டில் பத்து வீடு சேர்ந்து காய் வாங்குவது என்று எது நடத்தினாலும் இந்த நாலில் ஒன்றில்தான் வந்து நிற்பீர்கள் என்பதால் எங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

கழுவுவதைச் சட்டென்று முடித்துவிடலாம். கழுவ வேண்டும், சந்தேகமே இல்லை. மேலே படிந்தது ஓரளவு போகும், புளித்தண்ணீரில் ஊறவைத்து அலசினால் இன்னும் கொஞ்சம் போகும். ஆனால் ஊடுருவிப் பாயும் மருந்து என்று விவசாயிகள் சொல்கிறார்களே, அது செடியின் சாற்றோடு காய்க்குள்ளேயே போய்விடும், அதைக் கழுவி எடுக்க முடியாது. ஆக இது வழி இல்லை, வழக்கம்.

அடுத்தது லேப். எங்கள் முதல் ஆசை இதுதான், ஒரு தாளில் முத்திரை குத்தி வந்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தோம். அதற்கு முன் இந்த 'எல்லை' என்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சட்டத்தில் ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் இவ்வளவுதான் மிச்சம் இருக்கலாம் என்று ஒரு அளவு உண்டு, 2011-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது. லேபிளில் சொன்னபடி அடித்து, சொன்ன நாள் பொறுத்துப் பறித்தால் காயில் எவ்வளவு நிற்கும் என்று வயலில் சோதித்துப் பார்த்து, அதை ஒரு மனிதன் ஆயுசு முழுக்கத் தினம் சாப்பிட்டாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டுத்தான் அந்த அளவை வைக்கிறார்கள். எல்லை தாண்டினால் அன்றைக்கே யாரும் விழுந்துவிடப் போவதில்லை, விவசாயி முறை தவறி அடித்திருக்கிறார் என்பதுதான் அதற்கு முதல் அர்த்தம். பட்டியலில் அளவு சொல்லாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் ஏற்றும் லாரியில் பத்து லாரி வெண்டைக்காய்க்கு 1 கிராம் மருந்து, அவ்வளவு பொடி அளவு. அதைப் பிடிக்கிற மெஷின் நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் சும்மா கிடக்காது, ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் கேட்கிறார்கள், முடிவு வர ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில்தான் இந்த வழி மெஸ்ஸுக்கு இடிக்கிறது. ஏற்காட்டில் என் சித்தப்பா கொஞ்சம் காபியும் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகும் வைத்திருக்கிறார். அவருக்கு லேப் நன்றாகப் பொருந்துகிறது. மிளகைக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும், முடிவு வரும்வரை மூட்டை மூலையில் கிடக்கலாம், வாங்குகிற ஏற்றுமதிக்காரரே ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனைத்தாள் கேட்கிறார். மிளகில் இன்னொரு சிக்கலும் உண்டு, சுமார் மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஒரு கிலோ ஆகிறது என்பதால் பச்சையில் இருந்த மருந்தும் அந்த ஒரு கிலோவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காபித் தண்டுத்துளைப்பானுக்குக் குளோர்பைரிபாஸ் அடிக்கிற தோட்டத்தில் அதே நிழலில் மிளகுக்கொடியும் நிற்கிறது, ஐரோப்பாவிலோ 2020-ல் அந்த மருந்துக்கு அனுமதியை நிறுத்தி அளவையும் 0.01-க்கு இறக்கிவிட்டார்கள். சித்தப்பா இப்போது மிளகுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையோடு நிறுத்திக்கொள்கிறார்.

வெண்டைக்காயை மூலையில் போட்டு ஒரு வாரம் காத்திருக்க முடியுமா? முடிவு வருவதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு, பரீட்சை எழுதி, ஊருக்கே போயிருப்பார்கள். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி வாங்குகிற யாரும் கட்டணம் கட்டிப் பொருளைச் சோதிக்கச் சொல்லலாம், தப்பு என்று வந்தால் கட்டணத்தைத் திரும்ப வாங்கவும் உரிமை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறதா? அதே பிரிவில் ஒரு நிபந்தனை, சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உழவர் சந்தையில் ஒரு அக்காவிடம் போய் "இதைச் சோதிக்கக் கொடுக்கப் போறேன், ரெண்டு கிலோ போடுங்க" என்று நான் சொல்வதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. சொன்ன மறுநிமிடம் தராசு கீழே இறங்கிவிடும். முறைப்படி அதிகாரி எடுக்கிற மாதிரிக்குக்கூட முடிவு தர 14 நாள் கெடு.

நடுவில் ஒருவர், காயில் மருந்து இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் பார்க்கிற சோதனை அட்டை இருக்கிறது, வாங்கிப் போடுங்கள் என்றார். காய்க்கு வருகிற அட்டைகளில் பெரும்பாலானவை ஒரு நொதி வேலை செய்கிறதா இல்லையா என்று பார்ப்பவை, ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகைக்கு மட்டும்தான் நிறம் காட்டும். இன்றைக்குத் தோட்டத்தில் அதிகம் புழங்கும் புது மருந்துகள் பலவும் அந்த இரண்டிலும் சேராது. அட்டை சுத்தம் என்று காட்டினால் நாம் ஏமாந்துபோக வாய்ப்பு கூடுகிறது, அதனால் விட்டுவிட்டோம்.

ஆர்கானிக் சான்று. இதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு. மரியாதை எதற்கென்றால், சான்று வாங்குவது லேசில்லை, மருந்தை விட்டு வருஷப் பயிருக்கு 2 வருஷம், மரப்பயிருக்கு 3 வருஷம் பொறுக்க வேண்டும். கோயம்புத்தூரில் மாநில அரசின் சான்றுத்துறையே இருக்கிறது, அது இல்லாமல் ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்துச் சான்று கொடுக்கிற குழு முறையும் உண்டு. ஆர்கானிக் உணவுக்கான 2017 விதிகளில் மருந்து மிச்சம் சாதா எல்லையில் 5 சதவீதம், இல்லையென்றால் மெஷின் அளக்க முடிகிற கடைசி அளவு, இரண்டில் எது அதிகமோ அதற்குள் இருக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் அடிப்பது காற்றில் வந்து விழும் என்பதால்தான் சுழியம் என்று எழுதாமல் அந்த இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எரிச்சல் எதற்கென்றால், தினம் 25 கிலோ காய் வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் எட்டுக் கிலோ வரும் என்றார், அதிலும் வாரத்தில் மூன்று நாள் சுரைக்காயும் பூசணியும்தான். விலை ஒன்றரை மடங்குக்கு மேல். பில்லில் ஆர்கானிக் என்று அச்சடித்திருக்கிறதே, எந்தத் தோட்டத்துச் சான்று, எண் என்ன என்று கேட்டேன், "நம்பிக்கைதாங்க" என்றார். நம்பிக்கை என்றால் பழைய மண்டிக்கடை அண்ணன் மேலேயே எனக்கு இருக்கிறதே! ஆனாலும் இந்த வழியை அடியோடு ஒதுக்கவில்லை. வைத்திருந்தால் கெடாத சாமான்களுக்கு, அதாவது மஞ்சள், மிளகாய் வற்றல், துவரம்பருப்பு இவற்றுக்கு எண்ணோடு சான்று இருக்கிற ஒரு குழுவிடம் இப்போது மொத்தமாக வாங்குகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாங்குவதால் விலை வித்தியாசம் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சில பைசாதான்.

சரி, மருந்து நோட்டு. பனமரத்துப்பட்டிப் பக்கம் வெண்டையும் கத்தரியும் போடுகிற ஒரு அண்ணனைப் பிடித்தோம். முதல் நாள் நான் கேட்ட கேள்வியே தப்பு. "அண்ணா, மருந்தடிக்கிறீங்களா?" என்றேன், "அடிக்கறதே இல்லைங்க" என்றார், அவர் பின்னால் வரப்பில் மூடி இல்லாத காலி பாட்டில் மூன்று கிடந்தது. இரண்டாவது தடவை போனபோது வாழப்பாடிக்காரர் மாதிரி "கடைசியா எந்தக் கிழமை அடிச்சீங்க?" என்று கேட்டேன். "செவ்வாக்கிழமைங்க, சாயங்காலம்" என்று உடனே வந்தது.

பாட்டிலோடு ஒரு துண்டுத்தாள் மடித்து வரும். எறும்பு எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தால் ஒவ்வொரு பயிருக்கும் கடைசியாக அடித்ததற்கும் பறிப்பதற்கும் நடுவில் எத்தனை நாள் என்று ஒரு பத்தி இருக்கும். எமாமெக்டின் பென்சோயேட் என்றால் வெண்டைக்கு 5 நாள், மிளகாய்க்கு 3 நாள், கத்தரிக்கு 3 நாள். குளோரான்ட்ரனிலிப்ரோல் தக்காளிக்கு 3 நாள், ஆனால் கத்தரிக்கு 22 நாள். அந்த 22-ஐப் பார்த்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். கத்தரியை நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பறிக்காவிட்டால் முற்றிப்போகும், 22 நாள் யார் விடுவார்? காய்ப்பு தொடங்கும் முன்னால் அடித்தால் சரி, காய்ப்பில் அடித்தால் அந்தக் கணக்கே நிற்காது. அந்த மருந்து கத்தரிக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று, தாளைப் படித்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும், கடையில் யாரும் சொல்லவில்லை.

வெண்டைக்குத்தான் பேச்சு நீண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. அடித்துவிட்டு 5 நாள் பொறுத்தால் நடுவில் இரண்டு பறிப்பு போய்விடும். செடியிலேயே விட்டாலும் ஆகாது, முற்றினால் செடி காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும், பறித்து மாட்டுக்கும் போட முடியாது, அதே மருந்து பாலில் வந்து நிற்கும் என்ற பயம். பறித்துக் குழியில் போட வேண்டும். கூலி கொடுத்துப் பறித்துக் குழியில் போடச் சொல்ல நான் யார்? "நீங்க பாதி கொடுத்தா நான் கொட்டறேங்க" என்றார். எனக்கு இந்த விஷயத்தின் முடிச்சு அவிழ்ந்தது அந்த இடத்தில்தான். காத்திருக்கிற நாளுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை இத்தனை நாள் யாரும் கொடுக்காததால்தான் அவர் காத்திருக்கவில்லை. ஆர்கானிக் கடையில் கூடுதல் விலையாகக் கொடுப்பதும் சுற்றிவளைத்து இதற்குத்தான், லேபுக்குக் கட்டுகிற பணத்திலோ விவசாயிக்கு ஒரு காசும் போவதில்லை.

கணக்குப் போட்டோம். மாதம் ஒரு தடவை அடிக்கிறார், இரண்டு பறிப்பு போகிறது, ஒரு பறிப்பில் எங்கள் பங்கு 15 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 900, அதில் பாதி 450. ஒரு மாதிரியை லேபில் கொடுக்கிற காசில் அரை வருஷத்துக்கு மேல் காத்திருப்பை வாங்கிவிடலாம். அந்த நாலைந்து நாளுக்கு ஏற்காட்டுச் சௌசௌவும் பீர்க்கங்காயும் போட்டுப் பொரியலை ஓட்டுகிறோம், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

நோட்டில் ஐந்து பத்தி: பயிர், மருந்துப் பெயர், எத்தனை டேங்க், அடித்த தேதி, பறித்த தேதி. எழுதுவது அவர் மகள், பத்தாவது படிக்கிறது. பொய் எழுத மாட்டார்களா என்று நாத்தனார் கேட்டாள், நியாயமான கேள்வி. அதற்குத்தான் லேபைத் திரும்பக் கூப்பிட்டோம், வெள்ளாமைக்கு இரண்டு மாதிரி மட்டும், முன்னால் சொல்லாமல், நோட்டைச் சரிபார்க்க. முதல் தாளில் வரிசையாக நூற்றுக்கணக்கான பெயர், எல்லாவற்றுக்கும் எதிரே 'கண்டறியப்படவில்லை', ஒரே ஒரு வரியில் மட்டும் ஒரு எண். நோட்டில் இல்லாத மருந்து. அண்ணன் சத்தியம் பண்ணினார், அவர் மகள் அழுதேவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் பிடிபட்டது, மருந்துக்கடையில் 'இயற்கை டானிக், ஒண்ணும் பண்ணாது' என்று ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள், டானிக்தானே என்று இவர்கள் நோட்டில் ஏற்றவில்லை. மிச்சம் இருந்த அரை பாட்டிலைச் சோதிக்கக் கொடுத்தபோது அதே பெயர் அதில் வந்தது. இப்போது நோட்டில் டானிக்குக்கும் ஒரு பத்தி உண்டு.

இது அவர் ஒருத்தர் கதை இல்லை. மத்திய வேளாண் துறை நாடு முழுக்க நடத்துகிற கண்காணிப்பில் 2014-15-ல் இருபதாயிரத்துக்கு மேல் மாதிரி பார்த்தார்கள், 18.7 சதவீதத்தில் ஏதோ ஒரு மருந்து இருந்தது, எல்லை தாண்டியது 2.6 சதவீதம்தான், ஆனால் 12.5 சதவீதத்தில் அந்தப் பயிருக்கு அனுமதியே இல்லாத மருந்து. எனக்கு அந்த மூன்றாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. அளவு கூடுவதைக் காட்டிலும், எதைக் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் வாங்கி அடிப்பதில்தான் அதிகம் கோளாறு.

பாலுக்கு வருகிறேன். இங்கே நோட்டை விட்டுவிட்டு வேறு முடிவு எடுத்தோம். முன்னால் ஒரு பால்காரத் தம்பியிடம் தினம் 40 லிட்டர் வாங்கினோம். ஒரு நாள் காலையில் பெரிய போசியில் உறை ஊற்றிய பால் தோயவே இல்லை, மதியம் வரை பால் பாலாகவே நின்றது. ஏற்காட்டில் என்றால் மார்கழிக் குளிர் என்று சொல்லி விட்டுவிடலாம், சித்தப்பா வீட்டில் தயிர்ப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றுவார்கள். சேலத்துச் சித்திரையில் நாலு மணி நேரத்தில் புளிக்கிற ஊரில் ஏன் தோயவில்லை? அதே உறையைப் பாக்கெட் பாலில் ஊற்றினால் கட்டியாக நின்றது. "ஒரு மாட்டுக்கு மடிநோய் அக்கா, ஊசி போட்டாங்க" என்று அப்புறம்தான் தம்பி சொன்னான். ஆண்டிபயாடிக் பாலில் இருந்தால் தயிர் ஆக்குகிற கிருமியும் சாகும், லேபில் பண்ணுகிற ஒரு வகைச் சோதனைக்கே இதுதான் அடிப்படை. காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்பது சும்மா, பெனிசிலின் கொதியை நன்றாகவே தாங்கும். பாலில் அதற்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கிற எல்லை கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், ஒரே ஒரு மில்லிகிராம் 250 லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

இங்கேயும் 'எப்ப' உண்டு. 2012-ல் மருந்து விதிகளைத் திருத்தி, கால்நடை மருந்து லேபிளில் காத்திருப்பு நாள் போட வேண்டும், அந்த மருந்துக்கென்று தனியாகச் சொல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று வைத்தார்கள். ஆனால் ஆறு மாடு வைத்திருக்கிறவனுக்கு ஒரு மாட்டுப் பாலை ஏழு நாள் கொட்டச் சொல்ல எங்களால் ஈடுகட்ட முடியவில்லை, மாடு எப்போது நோய்ப்படும் என்று முன்கூட்டித் தெரியவும் தெரியாது. கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடிக்குத் தடவுகிற முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் பரப்பி வருகிறார்கள், ஆரம்பத்திலேயே பிடித்தால் ஊசி வரைக்கும் போகாது என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தோம். டீக்கு அவனிடமே பத்து லிட்டர் வாங்குகிறோம், ஆண்டிபயாடிக் பார்க்கிற பட்டை வைத்திருக்கிறோம், பத்து நிமிட வேலை. சில மருந்துக் குடும்பங்களைத்தான் அது காட்டும், ஆனால் மடிநோய்க்குப் போடுகிற வழக்கமான ஊசிகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும், காய் அட்டையைவிட இது எவ்வளவோ மேல். மிச்சம் முப்பது லிட்டருக்குக் கூட்டுறவுப் பாக்கெட். நூற்றுக்கணக்கான மாட்டுப் பால் கலப்பதில் ஒரு மாட்டு ஊசி கரைந்துபோகிறது, பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் குடிக்கிற பிள்ளைக்கு அதுதான் குறைவு.

பாலில் நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் தெரியவந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்தது. ஆண்டிபயாடிக் எல்லை தாண்டியது 77-ல்தான். பூஞ்சை நஞ்சான அப்ளாடாக்சின் எல்லை தாண்டியது 368, அதில் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முன்னால், 551 மாதிரியில் 88. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, ஈரத்தில் அடுக்கிய தீவனம், அதிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு. இது ஊசியும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை, பட்டையிலும் தெரியாது. தம்பி வீட்டுப் புண்ணாக்கு மூட்டையை மண் தரையிலிருந்து எடுத்துப் பலகை மேல் வைக்கச் சொன்னேன். அதற்குப் பலகையும் நாங்களே கொடுத்தோம்.

முட்டை பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நாமக்கல் பெரிய பண்ணைகள் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறவை, எந்த மருந்து எப்போது கொடுத்தோம் என்று அவர்களிடம் பதிவு இருக்கும், கேட்டால் காட்டுகிற பண்ணையிடம் வாங்கினால் போதும். தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கலப்பதை 2019-லேயே தடை செய்தாயிற்று. நாட்டுக்கோழி முட்டை என்றால் சுத்தம் என்று யாராவது சொன்னால், அந்தக் கோழி மேய்கிற தோட்டத்தில் மருந்து எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள்.

மாட்டிக்கொண்டு நிற்பது கறிவேப்பிலையில். 2015 வாக்கில் கேரளாக்காரர்கள் தமிழ்நாட்டுக் காயில் மருந்து அதிகம் என்று பெரிய சத்தம் போட்டபோது அடிபட்ட பெயர்களில் இதுவும் ஒன்று, எங்களுக்கும் அதுதான் கடைசிவரை சரியாக வரவில்லை. எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்றே தெரியாமல் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வருகிறது, யாரிடம் போய் நோட்டு கேட்பது? மெஸ்ஸின் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நாலு செடி வைத்திருக்கிறோம். ரசத்துக்கு வருகிறது, கறிவேப்பிலைத் துவையலை மட்டும் மெனுப் பலகையில் இருந்து அழித்துவிட்டோம்.